வலிக்குதுன்னு சொல்லாதவளுக்கு

பாம்ப் ஷெல்டரின் கனத்த கதவைத் திறந்ததும் உன் வாசனை வந்தது.

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு கட்டித் தரும் அந்த அறை, எங்கள் வீட்டில் குண்டுக்கு ஒளிவதற்கல்ல, வேண்டாத சாமான்களைப் போட்டு வைப்பதற்குத்தான் என்று உனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே இருந்தது. அகிலனின் பழைய ஸ்ட்ரோலரை வெளியே இழுத்தேன். எட்டாவது மாத வயிற்றோடு குனிய முடியவில்லை, முழங்காலிட்டுத்தான் இழுத்தேன். அதன் அடியிலிருந்த கூடையில் தெலோன் எண்ணெய் பாட்டில் ஒன்று சாய்ந்து கிடந்தது. மூடி தளர்ந்து, எண்ணெய் கசிந்து, துணியெல்லாம் மஞ்சளாகியிருந்தது. குழந்தையின் வயிற்று உப்புசத்துக்கு மலாய்க்காரர்கள் தடவுகிற எண்ணெய். அதை என் கையில் முதன்முதலாகத் திணித்தவள் நீ.

"எடுத்தாச்சா? நான் வரட்டுமா?" என்று ஹாலிலிருந்து முரளி கேட்டார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு நாளாக உன்னிடம் பேசாமல் இருந்தேன். கோபம்தான். இன்றைக்குப் பேசிவிடுகிறேன்.

திருச்சியிலிருந்து வந்து பொங்கோலில் குடியேறிய புதிது. அம்மா பிரசவத்துக்கு வந்து, பார்த்து, விசா முடிந்து திரும்பிவிட்டாள். முரளி அலுவலகம் போனால் நானும் மூன்று மாத அகிலனும் நான்கு சுவர்களும்தான். ஒருநாள் லிஃப்டில் அவன் வீறிட்டு அழ, நானும் அழுதுவிடும் நிலையில் நின்றுகொண்டிருந்தேன். நீ சமீராவைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக அவன் வயிற்றைத்தான் தொட்டுப் பார்த்தாய்.

"காத்து லா. குடு இங்க." இந்த ஊர்க்காரர்கள் பேச்சோடு ஒட்டிவரும் அதே 'லா'.

லிஃப்ட் கீழே போய், மறுபடி மேலே வந்து, யாரோ ஏறி இறங்கி, அதற்குள் உன் பையிலிருந்த எண்ணெயைத் தடவி அவனை ஏப்பம் விட வைத்துவிட்டாய். "எந்த ஊரு நீங்க?" என்று அப்புறம்தான் கேட்டாய். மறுவாரமே அந்த 'நீங்க' 'நீ'யாகிவிட்டது.

உனக்கு வீட்டுக்குள் இருப்பு கொள்ளாது. "புள்ளைய வீட்டுக்குள்ள பூட்டி வச்சா அதுவும் வளராது, உனக்கும் மண்டை கொழம்பிடும்" என்று சொல்லி என்னை வெளியே இழுத்துப் போனாய். நான் நாலு டயப்பர், இரண்டு செட் உடுப்பு, வெந்நீர், கஞ்சி, காய்ச்சல் மருந்து எல்லாம் எடுத்து வைத்துக் கிளம்புவேன். உன் தோளில் ஒரே ஒரு துணிப்பை தொங்கும். அதில் ஒரு டயப்பர், ஒரு பாக்கெட் பிஸ்கட். கிராஞ்சியில் ஆட்டுப் பண்ணை பார்க்கப் போய், திரும்புகிற பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்தது எப்போது வருமோ என்று வெயிலில் நின்றோமே. நான் முரளிக்குப் போன் போட்டுப் புலம்பிக்கொண்டிருந்தேன். நீ புல்லில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எறும்பு காட்டிக்கொண்டிருந்தாய். உன் கை பட்டால் எந்தக் காரியமும் பயமில்லாததாகிவிடும் என்று நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

பிறகு நீ இரண்டாவது உண்டானாய். உனக்கு அது கொண்டாட்டம், எனக்கு ஆச்சரியம். ஒன்றை வைத்துக்கொண்டே எனக்கு மூச்சு முட்டியது. "ரெண்டு கை இருக்குல்ல, ரெண்டு புள்ள" என்றாய். நீ சமீராவைத் தயார் செய்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தம்பியோ தங்கையோ வரப்போகிறது, நீ விட்டுக்கொடுக்கணும், சமத்தாக இருக்கணும் என்றெல்லாம் நீ சொல்லவே இல்லை. வெளியே போகும்போது அகிலனின் கையை அவளிடம் கொடுத்து, "இது உன் பொறுப்பு. நான் சொல்ற வரைக்கும் விடக்கூடாது" என்பாய். ஐந்து வயதுப் பெண், மூன்று வயதுகூட நிரம்பாத பையனின் கையைப் பெருமையாகப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நாம் இருவரும் பல தடவை பேசிச் சிரித்த நாள்தான் அது. ஆனால் ஒரு விஷயத்தைப் பேசவே இல்லை.

உனக்கு ஒன்பதாவது மாதம். குழந்தைக்கு மெல்லிய பருத்தித் துணிகளும், தொட்டிலுக்குப் புடவைத் துணியும், வசம்பும் வாங்க வேண்டும், லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைகளில்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னாய். தள்ளிப்போடலாமே என்று உன் கணவரும் சொன்னார், நானும் சொன்னேன். நீ கேட்கவில்லை. லிட்டில் இந்தியா அன்று வழக்கம்போல நிரம்பி வழிந்தது. விடுமுறை நாளில் ஊர்க்காரர்களைப் பார்க்க வந்த வேலையாட்கள் நடைபாதை முழுக்க நின்றார்கள். பிள்ளைகளை நடுவில் விட்டு நாம் இரு ஓரமும் காவல் போல நடந்தோம். துணிக்கடையில் ஒருமுறை, காய்கறிக் கடை வாசலில் ஒருமுறை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"என்னாச்சு?"

"காலு வலி லா. இந்த எடைய நீ தூக்கிப் பாரு, தெரியும்."

நான் நம்பினேன்.

திரும்பும்போது எம்ஆர்டி நடைமேடையில் நெரிசல். அகிலன் ஸ்ட்ரோலரில் உட்கார மாட்டேன் என்றதால் பைகளை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த வழித்தட ரயிலில் ஓட்டுநர் கிடையாது, முதல் பெட்டியின் முன்கண்ணாடி வழியாகச் சுரங்கம் முழுக்கத் தெரியும். பிள்ளைகளுக்கு அந்த இடம் என்றால் உயிர். ரயில் வந்து கதவு திறந்ததும் இருவரும் கையைக் கோத்தபடியே, இறங்குபவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து உள்ளே ஓடிவிட்டார்கள். நான் ஸ்ட்ரோலரைத் திருப்பினேன். ஒரு பெரியவர் குறுக்கே வந்தார், சக்கரம் எதிலோ சிக்கியது. கதவு மூடப்போகும் சத்தம் கேட்டது. உன்னால் ஓட முடியவில்லை. என்னால் ஸ்ட்ரோலரை விட்டுவிட்டு ஓடியிருக்க முடியும். அது எனக்குத் தோன்றிய கணத்தில் கதவு மூடிவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அகிலனின் வாய் திறந்திருந்தது. அழுகிறான். சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

நான் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. நீ அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. உள்ளே, மார்க்கெட் தள்ளுவண்டியோடு நின்ற ஒரு சீன மூதாட்டியின் கண்ணைத் தேடிப் பிடித்தாய். பிள்ளைகளைக் காட்டினாய். உன் நெஞ்சைத் தொட்டாய். ஒரு விரலைத் தூக்கி, பிறகு கையைக் கீழே இறக்கிக் காட்டினாய். அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுங்கள் என்று அர்த்தம். அந்த ஆன்ட்டி உன் முகத்தைப் பார்த்தார், பிறகு உன் வயிற்றைப் பார்த்தார், தலையை ஆட்டினார். ரயில் நகர்ந்துவிட்டது.

ஸ்டேஷன் ஊழியர் ஓடிவந்தார். நீதான் பேசினாய். பிள்ளைகளின் வயது, சட்டை நிறம், எந்தப் பெட்டி, எல்லாம். அவர் வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே, "டோன்ட் வொரி மேடம், நெக்ஸ்ட் ட்ரெய்ன்ல வாங்க" என்றார். அந்த அடுத்த ரயில் வருகிற வரைக்குமான நேரத்தை நான் யாருக்கும் விவரித்துச் சொன்னதில்லை. ஆன்ட்டி நம் சைகையைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்? அவர் இறங்கி, பிள்ளைகள் இறங்காமல் இருந்தால்? சமீரா பயந்து கையை விட்டிருந்தால்? இறங்குகிற கூட்டத்தோடு அகிலன் படியேறி, தெருவுக்கு வந்து, சாலைக்கு வந்து... மனம் அவனைச் சாலை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது. திரும்பத் திரும்ப அங்கேயே நிறுத்தியது.

"அழாத. சமீரா கைய விடமாட்டா" என்றாய். என் கையைப் பிடித்திருந்தாய். உன் பிடி இறுகியது, தளர்ந்தது. மறுபடி இறுகியது. நகம் என் தோலில் பதிந்தது. உன் உதடு வெளுத்திருந்தது. எனக்குத் தைரியம் கொடுக்கத்தான் அப்படி அழுத்துகிறாய் என்று நினைத்தேன்.

ஃபேரர் பார்க்கில் கதவு திறந்தது. எதிரே பெஞ்சில் அந்த ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். இரு பக்கமும் இரண்டு பிள்ளைகள், இருவரையும் அணைத்த கைகள். அதையும் மீறி, அவர் மடிக்குக் குறுக்கே சமீராவின் கை அகிலனின் கையைப் பிடித்திருந்தது. அவன் விரல்கள் வெளிறிப்போகும் அளவுக்குப் பிடித்திருந்தாள். நான் அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆன்ட்டி எழுந்து நின்று திட்டத் தொடங்கினார்.

"ஐயோ, வாட் கைண்ட் ஆஃப் மம்மி லா யூ! சோ ஸ்மால், யூ லெட் தெம் ரன்..."

பாதியில் நிறுத்திவிட்டார். அவர் கண் உன் மேல் இருந்தது. "கேர்ள்... யூ ஓகே ஆர் நாட்? சிட், சிட்!"

நீ உட்கார்ந்தாய். சமீராவின் தலையில் கைவைத்து, "இப்ப விடலாம், கண்ணு" என்றாய். அவள் அப்போதுதான் அகிலனின் கையை விட்டாள், விட்டதும் அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, கடையில் இன்னொரு முழம் துணி கேட்பதுபோல, "வித்யா, இப்ப ஆம்புலன்ஸ கூப்புடு" என்றாய்.

"யாருக்கு?"

"எனக்குத்தான் லா. காலையிலேருந்து வலி."

காலையிலிருந்து. வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பிருந்தே. தூணைப் பிடித்தது, என் கையை இறுக்கியது, எல்லாமே பிரசவ வலி. அன்று சாயங்காலம் ஹனா பிறந்தாள். நான் அந்தக் கதையைத் திருச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன், முரளியின் நண்பர்களிடம் சொன்னேன். வலியோடு நின்று இரண்டு பிள்ளைகளை மீட்டவள் என்று உன்னை வீராங்கனையாக்கினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, "ஓவரா பேசாத லா" என்று சிரிப்பாய். நானும் சிரிப்பேன். ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டதில்லை.

ஹனா நடக்கத் தொடங்கிய சமயத்தில் உனக்கு வயிற்றில் வலி வந்தது. "கேஸ்ட்ரிக் லா" என்றாய். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினாய். இரண்டு பிள்ளைகளோடு நேரத்துக்குச் சாப்பிட முடியவில்லை, அதனால்தான் என்றாய். விளையாட்டுத் திடலில் ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டே ஒரு கையை விலாவில் அழுத்தி நிற்பாய். டாக்டரைப் பார் என்றால் அடுத்த வாரம் என்பாய். உன் கணவரிடமும் அடுத்த வாரம்தான். கடைசியில் அவர் வேலைக்கு லீவு போட்டு, கையைப் பிடித்து இழுத்துப் போனபோது, கணையத்தில் தொடங்கிய புற்று ஈரலுக்கும் பரவியிருந்தது.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த ஒரு மத்தியானம், ஜன்னல் திரையைச் சாத்தச் சொன்னாய். ரொம்ப இளைத்திருந்தாய். "ஒத்தையா விட்டுட்டுப் போகல வித்யா. ரெண்டு பேரு. ஒண்ணுக்கொண்ணு இருக்கும்லா. அது போதும் எனக்கு" என்றாய்.

எனக்கு அது போதவில்லை. உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உள்ளுக்குள் கொதித்தேன். சொல்லியிருக்கலாமே. வலிக்குது என்று ஒரே ஒரு தடவை, ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம், சொல்லியிருக்கலாமே.

நீ போன அன்று ஆண்கள் உன்னைச் சுவா சூ காங் இடுகாட்டு மண்ணுக்கு எடுத்துப் போனார்கள். நான் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழே அகிலனோடு நின்றேன். சில வாரங்களில் உன் கணவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பிள்ளைகளோடு குவீன்ஸ்டவுனில் இருக்கிற அவர் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நீ இருந்த பக்கத்து வீட்டு வாசலில் வேறு செருப்புகள் வந்தன. இன்னொரு குழந்தை வேண்டாம் என்று முரளியிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். "நானும் இப்படி விட்டுட்டுப் போனா?" என்று மட்டும் சொன்னேன்.

விடுமுறை நாட்களில் உன் பிள்ளைகளைப் பார்க்கப் போவேன். ஒருநாள் போனபோது பெரிய சண்டை. ஹனா ஏதோ பென்சிலை உடைத்துவிட்டாள், சமீரா அவளைத் தள்ளிவிட்டாள், இருவரும் ஆளுக்கொரு மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் பார்த்தால், மூஞ்சியை அப்படியே தூக்கி வைத்தபடி சமீரா தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். ஹனாவும் கோபம் குறையாமல் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அகிலன் சோபாவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்றைக்குத்தான் முரளியிடம், இன்னொரு குழந்தைக்குச் சரி என்றேன்.

சரி என்று சொன்னது ஒரு நாள். பயந்தது தினமும். உண்டானது தெரிந்ததிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு ரோட்டைக் கடப்பது போலக் கனவு வரும். ஒரு கை வெறுமையாக இருக்கும். யாருடைய கையை விட்டேன் என்று தெரியாமல் விழிப்பேன்.

போன மாதம் குழந்தைக்குத் துணி வாங்கக் கிளம்பினேன். சமீராவும் ஹனாவும் தாங்களும் வருவோம் என்று அடம்பிடிக்க, மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். முரளி டாக்சியில் போகச் சொன்னார். ஹனாவுக்கு ரயிலின் முன்கண்ணாடி வேண்டும். அன்றிலிருந்து நான் தவிர்த்து வந்த அதே நடைமேடையில் திரும்பி வர நிற்கிறோம். ஹனாவை ஒரு கையில், அகிலனை ஒரு கையில். எட்டு வயதுப் பையன் கூச்சத்தில் நெளிகிறான், நான் விடவில்லை. அப்போது அடிவயிறு கல்லாக இறுகியது. ரயில் வரும் காற்று முகத்தில் அடித்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். நீ செய்தது போலவே. முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, "ஒண்ணும்..." என்று தொடங்கினேன்.

சமீரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயதிலேயே உன் உயரத்தை எட்டிவிடுவாள் போலிருக்கிறது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணும் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க ஆன்ட்டி" என்றாள்.

ரயில் கதவு திறந்தது. கூட்டம் ஏறியது. நாங்கள் ஏறவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"வலிக்குது சமீரா. எனக்குப் பயமா இருக்கு. அங்கிளுக்குப் போன் பண்ணு."

சொன்னதும் அவள் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். போனை வாங்கி, எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கம் என்று தெளிவாகச் சொன்னாள். அகிலன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். அவன் கையை நான் எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, அவன் எங்கேயும் ஓடவில்லை. ஸ்டேஷன் ஊழியப் பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் நின்றாள். முரளி வரும் வரை ரயில்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. வலி மறுபடி வந்தது, போனது, பிறகு தூரமாகிவிட்டது. மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு, பொய் வலிதான், குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பெஞ்சில் முரளிக்காகக் காத்திருந்த நேரத்தில் ஹனா என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தான் பிறந்த கதையை அவள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். உம்மாவுக்குப் பயமே கிடையாது என்றுதான் எல்லோரும் முடிப்பார்கள். முதலில் அப்படி முடித்தவள் நான்தான். அவளோ நகரும் படிக்கட்டுக்குப் பயப்படுவாள், நாய்க்குப் பயப்படுவாள், பயப்படுகிறோமே என்று தன் மேலேயே கோபப்படுவாள்.

"உம்மாவும் இப்படித்தான் உக்காந்தாங்களா?"

"ஆமா. ஆனா ரொம்ப நேரம் கழிச்சுத்தான் உக்காந்தா. அதுவரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தா."

"பயந்தாங்களா?"

நான் சமீராவைப் பார்த்தேன். அவளும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ரொம்பப் பயந்தா, ஹனா. என் கையத்தான் புடிச்சிருந்தா. நகம் பதியற அளவுக்குப் புடிச்சிருந்தா."

ஹனா யோசித்தாள். பிறகு என் காதருகே வந்து, "நானும் பயப்படுவேன்" என்றாள்.

"தெரியும். என்கிட்ட சொல்லு. எப்ப வேணாலும்."

உன் தைரியத்தை நான் கொண்டாடியதெல்லாம் போதும் என்று நினைக்கிறேன். உன் பயம் எனக்கு மட்டும்தான் தெரியும், என் கைதான் அதற்குச் சாட்சி. அதை உன் பிள்ளைகளிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது என் வேலை. பயந்துகொண்டே அவர்களுக்காக நின்ற ஒரு உம்மாவை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னும் சில வாரங்கள்தான். எனக்கு வலி எடுத்தால் அகிலன் குவீன்ஸ்டவுனில் உன் பிள்ளைகளோடு இருப்பான் என்று பேசி வைத்திருக்கிறோம். நேற்று சமீரா போனில் கேட்டாள், "உண்மை வலிதான்னு எப்படி ஆன்ட்டி தெரியும்?" எனக்கும் சரியாகத் தெரியாது என்றேன். ஆனால் முதல் வலிக்கே சொல்லிவிடுவேன். முரளியிடம் சொல்வேன், அவளிடமும் சொல்வேன். பொய் வலியாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.